இடது கால் பெருவிரல்

இன்று காலை தோல் மண்டியில் திமிரி ஊர்க்காரர் ஒருவர் என் கைமேல் துண்டைப் போட்டார். நாலு பேர் எதிரில் தோலுக்கு விலை சொல்லாமல், துண்டுக்குள் இத்தனை விரல் என்று பிடித்துப் பேசும் அதே பழக்கம்தான். அவர் பிடி இரும்பாக இருந்தது. எனக்கு உன் கை ஞாபகம் வந்துவிட்டது தோஸ்த்.

அன்று எனக்குத் தோல் விற்கும்போது நீ என் நான்கு விரல்களைப் பிடித்திருக்கிறாய். எனக்கு மூன்றுதான் பட்டது. விலையில் இறங்கிவிட்டாய் என்று நினைத்து, உடனே முடித்தேன். நீ ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாய். "பேசினது பேசினதுதான், போ" என்றாய். உன்னையே இறக்கிவிட்டேன் என்று ஆம்பூர் முழுக்கப் பெருமையடித்தேன். வேலூரில் டாக்டர் உனக்கு நரம்பு நோய் என்று சொன்ன பிறகுதான் புரிந்தது. நீ இறங்கவில்லை, விரல்தான் உன் பேச்சைக் கேட்கவில்லை.

கை போய், பேச்சும் போன பிறகு, அந்த உறுத்தலில் சென்னைக்குப் போய் இருப்பதிலேயே ஒசத்தியான மிஷினை வாங்கி வந்தேன். திரையில் கண் போகும் எழுத்துகளைச் சேர்த்து அதுவே பேசும். உன் முன்னால் வைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

"செலவைப் பத்தி யோசிக்காதே தோஸ்த்" என்றேன்.

உன் மனைவி, என் பாபி, மிஷினை நகர்த்தி வைத்தார். "யாரைக் கேட்டு வாங்கினீங்கண்ணா? அது இங்கிலீஷ்ல பேசுது. இவரு என்னிக்கு இங்கிலீஷ்ல சண்டை போட்டாரு? நான் அடுப்படில இருக்கச்சே சளி அடைச்சா என்னை எப்டி கூப்பிடுவாரு? மூணு நாளா குளிக்கக்கூட போவல நான்."

அதன் பிறகுதான் உன்னைக் கேட்டேன். எது அசையும்? தலையா? கன்னமா? இடது கால் பெருவிரல் என்றதும் கண்ணைச் சிமிட்டினாய்.

என் ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் ஒரு காலிங்பெல் சுவிட்சைப் பலகையில் பொருத்தினார். ஸ்பிரிங் உன் விரலுக்கு அடங்கவில்லை. மூன்று தடவை தளர்த்தினார். மேலே மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டினேன். பாபி அடுப்படிக்குப் போனார். மணி அடித்தது. ஓடி வந்தார்.

"இன்னா வேணும்?"

ஒன்றும் வேண்டாம் உனக்கு. அவர் திரும்பிப் போனதும் மறுபடி அடித்தாய். ஐந்தாவது தடவை, "இந்த மனுசனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்று திட்டிவிட்டுக் குளிக்கப் போனார். உன் கண் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

விரல் ஓய்ந்ததும் சுவிட்சைக் கன்னத்துக்கு மாற்றினோம். கடைசிவரை நீ கூப்பிட்டாய், பாபி வந்தார்.

ராணிப்பேட்டையில் ஒருவருக்கு இதே நோய். என்ன வாங்கலாம் என்று அவர் தம்பி கேட்டார். வெறுங்கையோடு போனேன். படுத்திருப்பவரையும், பார்த்துக்கொள்ளும் அவர் மனைவியையும் தனித்தனியாகக் கேட்டேன். படுத்திருப்பவரின் கண் பதிலுக்கு அசைய வெகுநேரம் ஆனது. அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வியாபாரத்தில் நான் யாருக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை.