ஏர்போர்ட்டுக்கு வரும்போது

ஜெஸ்வின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால், "அதெல்லாம் வேணாம், நீ அங்கிட்டே இரு" என்று பாதியிலேயே நிறுத்திவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். மலேசியா விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டேன்!

உங்கள் பெர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது என்றுதானே சொல்வீர்கள்? இது என் பேரில் வாங்குகிற விசா. ஆவூரில் உட்கார்ந்து லேப்டாப்பில் பார்க்கிற கம்பெனி வேலையை அங்கே உட்கார்ந்தும் பார்க்கலாமாம். என் சம்பளமே போதுமாம். ஜெஸ்வினையும் என்னோடு சேர்த்திருக்கிறேன். அவன் இப்போதே பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

நேற்று விசா விஷயமாக ஓர் அம்மா வீடியோவில் பேசினார். அந்த நேரம் பார்த்துத்தானா கோயிலில் மைக் டெஸ்டிங் நடக்க வேண்டும்? அவரே சிரித்துவிட்டார். அங்கே தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். "என் வீட்டுக்காரர் இருக்கிறார்" என்று சொல்லும்போது எனக்கு வெட்கமே வந்துவிட்டது. என்ன வேலை என்று நல்லவேளை கேட்கவில்லை.

உங்கள் அறையில் தங்கியிருக்கும் நம்மூர் லியோன், போன வாரம் அவன் ஆத்தாவோடு வீடியோவில் பேசினான். நானும் ஆத்தா பக்கத்தில் இருந்தேன். "எம்மவன் இந்தச் சட்டையில ஆபீசராட்டம் இருக்கான் பாரு" என்று அந்த ஆத்தாவுக்கு ஒரே பூரிப்பு.

நீங்கள் ஏர்போர்ட்டுக்கு வேலையிலிருந்து அப்படியே வாருங்கள். என்னோடு பேசும்போது போட்டுக்கொள்கிற நீலச் சட்டை வேண்டாம். அன்றைக்கு லியோனுக்கு அது தேவைப்படும்.

பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்ட,
உங்கள் மனைவி