நீ வராத கூட்டம்

அன்புள்ள ஷெர்லின்,

இங்கே சாரல் விடவில்லை. உன் ஆராய்ச்சிக் கட்டுரை முடிந்துவிட்டதா? அதில் நான் இன்னும் இருக்கிறேனா?

பஸ் ஸ்டாண்டில் சாய்வுப் பாதை கேட்டு இன்று கூட்டம் நடந்தது. மைக்கை என் சக்கர நாற்காலி உயரத்துக்கு இறக்கச் சொல்லி, நானே பேசினேன். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏனுங்க, உங்களுக்காகப் பேசுற மேடம் வரலீங்களா?" என்றார்.

"என் வாய்க்கு என்னங்க குறைச்சல்?" என்றேன். கூட்டமே கைதட்டியது. நீ சிரிக்கிறாயா என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

பிறகு ஒண்டிக்கடையில் ஒரு டீ சொன்னேன். கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு போட்டுவிட்டார். இரண்டையும் நானே குடித்தேன்.

எனக்காகப் பேசாதே என்றுதானே அன்று சண்டை போட்டேன்? வராதே என்று எப்போதடி சொன்னேன்?

இப்படிக்கு,
உன் சண்டைக்காரி