கூட்டத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று

அன்புத் தங்கை குட்டிமாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. இங்கே அம்மாவுக்கு முதுகுப் புண் ஆறிவிட்டது. வாதத்தில் விழுந்த வலது கையில் கொஞ்சம் பிடிமானம் வந்திருக்கிறது. நேற்று கரண்டியைப் பிடித்தவள் விடவே மாட்டேன் என்று அடம். துணைக்கு வருகிற பெண் மதியத்தோடு போய்விடுவதால் கண்ணாடிக் கடையில் எனக்கு இப்போது அரை நாள்தான் வேலை.

அந்த நாட்டிலேயே தங்குவதற்கு அனுமதி மறுத்ததை எதிர்த்து மேல்முறையீடு போட்டிருக்கிறோம், அடுத்த மாதம் விசாரணை, ஜெபக் கூட்டத்தில் மறுபடி சொல் என்று எழுதியிருந்தாய். நீ ஜெபம் பண்றேன்னு நெனச்சாலே தைரியம் வருதுக்கா என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை என்னால் இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை. போனில் சொல்ல வாய் வராததால்தான் இந்தக் கடிதம்.

போன தடவை, முதலில் மனு போட்டபோது, நீ கேட்டபடியே டெய்லர் அக்கா வீட்டுக் கூட்டத்தில் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, போஸ்ட்மாஸ்டர் அண்ணன் ஜெபிக்க ஆரம்பித்தால் கர்த்தருக்கே விலாசம் சொல்லிக் கொடுப்பார். உன் பெயர், மாப்பிள்ளை பெயர், மனு போட்ட அலுவலகம், பிள்ளைகள் படிக்கிற வகுப்பு, ஒன்றையும் விடவில்லை. டெய்லர் அக்கா அழுதே விட்டார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது கை வழுக்கி, இரண்டு பேரும் கட்டிலோரமாகச் சரிந்து விழுந்தோம். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. அவளை மடியில் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடியே ஜெபித்தேன். ஆண்டவரே, என் தங்கைக்கு அனுமதி கிடைக்க வேண்டாம், அவளை இங்கே அனுப்பிவிடும் என்று கேட்டேன்.

கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அதற்குப் பிறகு தினமும் அதையேதான் கேட்டேன். கூட்டத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. மறுத்துவிட்டார்கள் என்று நீ போனில் அழுதபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். உங்களுக்கு எந்த அறையை ஒழித்துத் தருவது என்றுகூட யோசித்துவிட்டேன். அதற்கப்புறம்தான் உன் அழுகை காதில் விழுந்தது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பெயர் சொல்லாமல், இப்படி ஒருவர் ஜெபித்தால் பலிக்குமா என்று போஸ்ட்மாஸ்டர் அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன். சொன்னதையெல்லாம் செய்ய கர்த்தர் என்ன நம்ம வீட்டு வேலையாளாம்மா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலித்ததோ இல்லையோ, கேட்டது நான்தானே.

முடியவில்லை, வந்து ஒரு மாதமாவது கூட இரு என்று உன்னிடம் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. எப்போது கேட்டாலும் இங்கே சுகம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். தங்கையிடம் கேட்க வேண்டியதை, அவள் முதுகுக்குப் பின்னால் ஆண்டவரிடம் போய்க் கேட்டேன்.

விசாரணைக்காக ஜெபிக்கும்படி டெய்லர் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் மனசாரக் கேட்பார். நான் முழங்கால் போட்டால் உன் பெயருக்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அதனால் இந்தத் தடவை நீ எனக்காக ஜெபம் பண்ணு. நீங்கள் அங்கேயே நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கிற மனசு எனக்கு வர வேண்டும். விசாரணைக்கு முன்னால் வர வேண்டும்.

உன் அக்கா