தவறான எண்ணில் ஒரு தையல் கடை

ஜூன் 6

பாப்பாவின் அம்மாவுக்கு,

முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. நீயும் உன் அக்காவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வருகிறது, இனி எதுவானாலும் கடிதம்தான் என்று போன மாதம் நீ சொன்னபோது, எழுத என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். விஷயம் தானாகவே வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை யாரோ ஒரு அம்மாள் கூப்பிட்டார். "சார், பேண்ட் இடுப்பு ரெண்டு இன்ச் பிடிக்கணும், எப்ப கொண்டு வரலாம்?" தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் இன்னொருவர். அவருக்குக் கோட்டின் கை நீளமாம். மதியத்துக்குள் ஐந்து பேர் ஆகிவிட்டது. ஆறாவது ஆளிடம் கொஞ்சம் காட்டமாகவே, "யாருங்க உங்களுக்கு இந்த நம்பரைக் கொடுத்தது?" என்று கேட்டேன். "இன்டர்நெட்ல தேடினேன் சார், இதுதான் வந்தது" என்று கடையின் பெயரைப் படித்துக் காட்டினார். உன் பெயர்.

நீ எப்போது இன்டர்நெட்டில் கடை போட்டாய்? போட்டது சரி, என் எண் எதற்கு? கோபத்தில் செய்தாயா, மறதியில் செய்தாயா? குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தோரு வருடம் போன் எடுத்தவன் நான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் சொல்வேன். ஜிப் பிய்ந்துவிட்டது என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? சீக்கிரம் மாற்று.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

ஜூன் 12

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா அரை மணி நேரம் சிரித்தாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இங்கே நூலகத்தின் மாடியில் வெப்சைட் செய்யக் கற்றுத்தருகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. மொத்தம் ஆறு பேர், அதில் தலை நரைத்தவள் நான் ஒருத்தி. டீச்சர் நம் பாப்பாவைவிடச் சின்னவள். முதல் வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது. தலைப்பு, துணைத்தலைப்பு, பத்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம் போட வேண்டுமாம். துணி வெட்டுமுன் சாக்பீஸால் கோடு போடுவதில்லையா, அதேதான் என்று பிடிபட்டபின் பயம் போய்விட்டது. அப்புறம் தேடுபொறியில் நம் பக்கத்தை எப்படி மேலே கொண்டு வருவது என்ற பாடம். நிறையச் சொன்னால் நிறைய மேலே வரும் என்று நினைத்து 'தையல்' என்ற சொல்லை நாற்பது இடத்தில் எழுதிவைத்தேன். "ஆன்ட்டி, இப்படித் திரும்பத் திரும்பச் சொன்னா மனுஷனுக்கும் பிடிக்காது, அதுக்கும் பிடிக்காது" என்று முப்பத்தெட்டை அழிக்கச் சொல்லிவிட்டாள்.

பயிற்சிக்கு அவரவர் தொழிலுக்கு ஒரு பக்கம் செய்யச் சொன்னார்கள். கீழே தொடர்பு எண் போட வேண்டும். இங்கே வந்து வாங்கிய எண்ணை ஏழு மாதமாகியும் சீட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடப் படிவம், ஆஸ்பத்திரிப் படிவம், கேஸ் புத்தகம் என்று காலமெல்லாம் உங்கள் எண்ணைத்தானே எழுதினேன். விரல் அதையே அடித்துவிட்டது. கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

கடிதம் கிடைத்த அன்றே மாற்றிவிட்டேன். ஆனால் தேடுபொறி ஒரு தடவை வந்து படித்துவிட்டுப் போனால், மறுபடி வந்து படிக்கும்வரை பழையதைத்தான் காட்டுமாம். மறுபடி வரச் சொல்லி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். நாளைக்கும் வரலாம், மாதக் கணக்கிலும் ஆகலாம். அதுவரை கூப்பிடுகிறவர்களிடம் என் எண்ணைச் சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இன்னொன்று. கடைக்காரம்மா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "சும்மாதான் இருக்கா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் மேலதிகாரி வீட்டு விருந்தில் பத்துப் பேர் முன்னால் நீங்கள் சொன்னது அது. அன்று நீங்கள் போட்டிருந்த சட்டையின் தோளை நான்தான் இறக்கித் தைத்திருந்தேன். நான் வீட்டைவிட்டு வந்தது அக்காவுக்குத் துணையாக என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். உங்களுக்குமா அப்படிச் சொல்ல வேண்டும்?

மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

ஜூன் 19

பாப்பாவின் அம்மாவுக்கு,

தைலம் தேய்க்கிறேன். கை எட்டும் இடம்வரை தேய்க்கிறேன்.

உன் வாடிக்கையாளர்களுக்காக ஒரு பதிவேடு திறந்துவிட்டேன். அலுவலகத்து வழக்கம் விடவில்லை. தேதி, நேரம், பெயர், புகாரின் தன்மை, எடுத்த நடவடிக்கை என்று கோடு போட்டுவைத்திருக்கிறேன். நடவடிக்கை என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் 'சரியான எண் தரப்பட்டது' என்றுதான் எழுதுகிறேன். ஒரு பெண்ணிடம் வாய் தவறி, "புகார் எண் குறிச்சுக்கோங்கம்மா, நாப்பத்தெட்டு மணி நேரத்துல ஆள் வருவாங்க" என்று சொல்லிவிட்டேன். பாவாடை நாடா கோர்க்க ஆள் வருவார்களா என்று அவள் திகைத்துப்போனாள்.

பதிவேட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. உன் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தேன். உன் பெயருக்குக் கீழே 'ஆடைத் திருத்தகம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். இதுவரை நாற்பத்து மூன்று பேர் பேசியாகிவிட்டது, ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. "லூசா இருக்கு" என்று பதினான்கு பேர். "ஜிப் போச்சு" என்று ஒன்பது பேர். "நீளம் குறைக்கணும்" என்று எட்டுப் பேர். "போன வருஷம் தைச்சது இப்ப பத்தல" என்றவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு எதுவானாலும் இன்றைக்கே வேண்டும். முழுப் பட்டியலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குப் பயன்படுமா என்று தெரியவில்லை.

உன் பக்கம் திறக்க நேரமாகிறது. டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதும் அதிலுள்ள நீலக் கோட்டின் படம் பாதிதான் வந்திருந்தது. என்னைப் போல வேலையில்லாதவன் காத்திருப்பான், மற்றவர்கள் போய்விடுவார்கள்.

நேற்று ஒருவர், "மேடம் லெதர் தைப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இருபத்தாறு வருடம் அந்த மெஷின் சத்தத்திலேயே பேப்பர் படித்தவன், எனக்கு அது தெரியவில்லை.

விருந்து விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

ஜூன் 27

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் பட்டியல் வகுப்பில் கை மாறி மாறிப் போய் ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது. நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்பது முக்கியமில்லை, தேடுகிறவர் என்ன தட்டுகிறார் என்பதுதான் முக்கியம் என்று டீச்சர் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், மண்டையில் ஏறவில்லை. உங்கள் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. "ஆன்ட்டி, யாரு இதை எடுத்தது? இதுக்குப் பெரிய பெரிய கம்பெனி ஆள் வெச்சிருப்பாங்க" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, மறைப்பானேன்.

'ஆடைத் திருத்தகம்' போய்விட்டது. 'லூசான உடையைப் பிடித்துத் தருகிறோம்' என்று ஒரு பக்கம், ஜிப்புக்குத் தனியாக ஒரு பக்கம், பத்தாமல் போனதற்கு ஒரு பக்கம். படங்களின் அளவைக் குறைத்தேன், இப்போது டக்கென்று திறக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டுமாம், கண் தெரியாதவர்களுக்கு அதைத்தான் போன் படித்துக் காட்டுமாம். நான் 'அழகான கோட்டு' என்று எழுதினேன். "அழகுன்னா அவங்களுக்கு என்ன தெரியும்? நீங்க என்ன பண்ணீங்கன்னு எழுதுங்க" என்றாள். 'நீல நிறக் கோட்டு, கை ஒன்றரை அங்குலம் குறைத்து, பழைய பொத்தான்களையே திரும்பத் தைத்தது' என்று எழுதிவிட்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்ததை நானே எழுதிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

தோலும் தைப்பேன். பாப்பாவின் பள்ளிக்கூடப் பை மூன்று தடவை பிய்ந்தது, தானாகவா ஒட்டிக்கொண்டது?

'அப்புறம் வருகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது புகார்ப் பிரிவில் எல்லோருக்கும் சொல்கிற பதில்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

ஜூலை 5

அன்புள்ள உனக்கு,

சனிக்கிழமை ஒருவர் கூப்பிட்டார். முதல் வாரம் என்னிடம் உன் எண்ணை வாங்கியவர்தான், பதிவேட்டில் பன்னிரண்டாவது பெயர். மூன்று கடைகளில் முடியாது என்று திருப்பி அனுப்பிய கோட்டாம். நீ உள்துணி முழுக்கப் பிரித்து, தோளை உள்ளிருந்து மாற்றிக் கொடுத்தாயாம். அதைப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய் வேலையும் கிடைத்துவிட்டதாம். "மேடம்கிட்ட சொன்னா சரி சரின்னு வெச்சிடறாங்க, அதான் உங்ககிட்ட சொல்றேன்" என்றார். பிறகு, "நீங்க அவங்ககிட்ட எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

விருந்து விஷயத்துக்கு வருகிறேன். நீ சும்மா இருக்கிறாய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதைவிட மோசமானதைத்தான் நினைத்தேன். மேலதிகாரியின் மனைவி பெரிய பதவியில் இருந்தார். என் மனைவி அடுத்தவர் துணியைத் தைக்கிறாள் என்று சொல்ல வாய் கூசியது. உன் உழைப்பில் பாப்பாவின் படிப்பு நடந்தபோது கூசவில்லை, பத்துப் பேர் முன்னால் கூசியது. அவ்வளவு சின்ன மனது எனக்கு. ஏழு மாதமாக நீ கோபக்காரி என்று எனக்கே சொல்லிக்கொண்டு பொழுதை ஓட்டினேன். இந்த ஒரு மாதம் உன்னைத் தேடிக் கூப்பிட்டவர்களின் குரலைக் கேட்டுக் கேட்டு, இனி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

என்னை மன்னித்துவிடு. வீட்டுக்கு வந்துவிடு. முன் அறையில் இருந்த என் மேசையைப் பின்னால் போட்டுவிட்டேன். ஜன்னல் பக்கம் உன் மெஷினுக்கு இடம் இருக்கிறது, காலையிலிருந்து வெளிச்சம் வருகிறது.

உன்,
பாப்பாவின் அப்பா

ஜூலை 13

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அழுதேன். அக்கா என்னவென்று கேட்டாள், அவளுக்குக் காட்டவில்லை.

வியாழக்கிழமை தேடுபொறி ஒருவழியாக வந்து படித்துவிட்டது. இப்போது யார் தேடினாலும் என் எண்தான் வருகிறது. உங்கள் போன் இந்த வாரம் அடித்திருக்காது. அதை நினைத்தால் எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

நான் வரமாட்டேன். மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், கடிதம் படித்த அன்றே மனது இறங்கிவிட்டது. ஆனால் இந்தத் தெருவில் 'ஜிப் மாற்ற' என்று தட்டினால் நான் வருகிறேன். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இந்த மாடிப்படி ஏறுகிறார்கள். என் கடை லாண்டரிக்கு மேலே இரண்டே அறைதான், வாடகைச் சீட்டில் என் பெயர் இருக்கிறது. அங்கே வந்தால் நீங்கள் ஒதுக்கிக் கொடுத்த ஜன்னல் ஓரத்தில் உட்காருவேன். அது எனக்கு இனிமேல் முடியாது. நீங்கள் வாருங்கள். ஊசிக்குக் கீழே துணி இருக்கும்போது போன் அடித்தால் எடுக்க முடியவில்லை, பாதி ஆட்களை விட்டுவிடுகிறேன். எடுக்க உங்களைவிட நல்ல ஆள் கிடைக்காது.

அதற்கு முன்னால் ஒரு காரியம். என் வெப்சைட்டில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. என்னைப் பற்றி நானே எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் எழுதி அனுப்புங்கள். யார் வேண்டுமானாலும் படிப்பார்கள், உங்கள் மேலதிகாரியும் படிக்கலாம்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா

ஜூலை 20

அன்புள்ள உனக்கு,

நான்கு நாள் எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன். கடைசியில் தேறியது இதுதான்:

'இந்தக் கடையை நடத்துபவர் இருபத்தாறு வருடமாகத் துணி தைக்கிறார். லூசானதைப் பிடிப்பார், பத்தாததைப் பெரிதாக்குவார், ஜிப் மாற்றுவார், தோலும் தைப்பார். மற்ற கடைகளில் முடியாது என்று சொன்ன கோட்டைப் பிரித்துத் தோளை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மகளைப் படிக்க வைத்தது இந்தக் கைவேலை. நான் இவருடைய கணவர். இந்த வேலையைப் பற்றி ஒரு தடவை பத்துப் பேர் முன்னால் பொய் சொன்னேன். இது உண்மை.'

கடைசி மூன்று வாக்கியங்கள் வியாபாரத்துக்கு ஆகாது என்று டீச்சர் சொல்லலாம். நீ எடுத்தால் எடுத்துவிடு, நானாக எடுக்கமாட்டேன்.

வீட்டுச் சாவியைப் பாப்பாவிடம் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, கடையைப் பார். விலாசம் எழுதிக் கேட்க வேண்டாம், தேடிப் பார்த்தேன், முதலில் வருகிறது.

உன்,
பாப்பாவின் அப்பா