அனிஷா பட்டினி கிடந்த வீடு

சேசு மரி சூசை துணை

தாராவி
4 மார்ச் 2024

பேத்தி அனிஷாவுக்கு ஆச்சி எழுதுவது. இன்று சுகம் விசாரிக்க மனசில்லை.

நீ டென்மார்க்கில் நகரசபைக்கு ஜெயித்தபோது கோயிலில் பூசை வைத்தேன். பார்லிமெண்டுக்குப் போனபோது நம் சால் குடித்தனங்கள் அத்தனைக்கும் லட்டு கொடுத்தேன். போன மாதம் பிள்ளைகள் நலத்துறை மந்திரியும் ஆனாய். உன் பேச்சை எதிர்வீட்டு ஷ்யாமளா போனில் தமிழாக்கி வாசித்தாள். தாராவியில் பாட்டி வீட்டில் பசியோடு தூங்கினாயாம், அதனால்தான் அரசியலுக்கு வந்தாயாம். வாசித்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் அம்மா வந்து கூட்டிப்போகிற ஒன்பது வயசுவரை நீ வளர்ந்தது இட்லி வீடுடி. தினம் அறுநூறு இட்லி அவித்து மாதுங்கா வரை அனுப்புகிறவள் உன்னைப் பட்டினி போட்டேனா?

சொன்ன இடத்திலேயே அது பொய் என்று சொல்லு.

உன் ஆச்சி
சவரியம்மாள்

---

கோபன்ஹேகன்
17 மார்ச் 2024

அன்புள்ள ஆச்சி,

என் தமிழ் இன்னும் மூன்றாம் வகுப்புத் தமிழ்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதல் தேர்தல் கூட்டத்தில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அப்போது அந்தப் பசியைச் சேர்த்துச் சொன்னேன். ஜனங்கள் அழுதார்கள். பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. பொய் என்று இப்போது சொன்னால் அன்றே பதவி போய்விடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு தரும் என் சட்டம் மே மாதம் ஓட்டுக்கு வருகிறது. அதுவும் போகும்.

ஒரு பத்திரிகைக்காரி சந்தேகப்பட்டு ஏப்ரலில் உங்களைத் தேடி வருகிறாள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம் ஆச்சி.

அனிஷா

---

சேசு மரி சூசை துணை

தாராவி
30 மார்ச் 2024

அனிஷாவுக்கு,

என் வீட்டில் என்னை வாய் மூடச் சொல்ல நீ யார்? மந்திரி உன் ஊருக்கு. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட, என்னைச் சோறு போடாதவள் ஆக்குவாயா? அவள் வரட்டும். உள்ளதைச் சொல்வேன்.

உன் ஆச்சி

---

தாராவி
20 ஏப்ரல் 2024

அனிஷாவுக்கு,

நேற்று அந்த வெள்ளைக்காரி வந்தாள்.

உள்ளதைச் சொல்வேன் என்றுதான் எழுதினேன். நாள் நெருங்க நெருங்க, பேப்பரில் உன் முகத்துக்குக் கீழே பொய்க்காரி என்று போட்டிருப்பதே கண்ணில் நின்றது. பெரிய வெள்ளிக்கு மட்டும் நிறுத்துகிற அடுப்பை நேற்றும் பற்றவைக்கவில்லை. வேலைக்கு வரும் பெண்களை வராதீர்கள் என்றேன். இட்லிக் கொப்பரைகளை ஷ்யாமளா வீட்டுக் கட்டிலடியில் தள்ளினோம்.

அவள் கேட்டதை ஷ்யாமளாதான் தமிழில் சொன்னாள். பிள்ளை நிஜமாகவே பட்டினி கிடந்ததா என்று கேட்டாளாம்.

"ஆமா, கெடந்தா. போட எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோரும் என் கையால் தின்றவர்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெயிலில் அலைந்து அவள் முகம் வாடிப்போயிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். சாப்பிடு என்று சொல்லவில்லை. சொன்னால் உன் பொய் வெளியே வந்துவிடும். இந்த எழுபத்திரண்டு வயசில், என் வீட்டுக்கு வந்த ஆளைப் பசியோடு அனுப்பியது நேற்றுதான்.

உன் பதவி உன்னிடமே இருக்கட்டும். சட்டமும் ஜெயிக்கட்டும், அந்தப் பிள்ளைகள் சாப்பிடட்டும்.

எனக்கு இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

சவரியம்மாள்