பத்து ரூபாய் சவாரி

1998 ஜூன் 12, வெள்ளி இரவு

பம்பாய் டாக்சியில் மீட்டர் ஓடும். மதராஸ் ஆட்டோவில் அது அலங்காரத்துக்கு இருக்கும். இரண்டையும்விட மலிவு எங்கள் காஞ்சிபுரம்தான்.

பம்பாயிலிருந்து வந்து பஸ் நிலையத்தில் பெட்டியோடு இறங்கி, அக்காவுக்கு இன்று ஆபரேஷன் நடக்கவிருந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். ஆட்டோக்காரர் பத்து ரூபாய்தான் கேட்டார். பெருமையாக ஏறினேன். வண்டி ஒரு பட்டுக் கடை வாசலில் நின்றது.

"உள்ள போய் ரெண்டு புடவை பாரு சார். ஆள இட்டாந்தா எனக்கு கமிஷன்."

"நான் இந்த ஊர்க்காரன்பா. அக்கா ஆஸ்பத்திரில இருக்காங்க."

"உள்ளூர்க்காரனுக்குப் பெட்டி எதுக்கு சார்? அஞ்சு நிமிசம்தான்."

வேறு ஆட்டோ தேடினேன். வந்தவையெல்லாம் அதே வாசலில் ஆள் இறக்கிக்கொண்டிருந்தன. உள்ளே போனேன். காபி கொடுத்து, முகூர்த்தம் என்றைக்கு என்று விசாரித்தார்கள். பம்பாயில் நான் பயணி. சொந்த ஊரில் சரக்கு.

ஆஸ்பத்திரியில் தியேட்டர் கதவு மூடியிருந்தது. வெளியே அத்தான் நின்றிருந்தார்.

"உன்னத்தான் கேட்டுக்கினே உள்ள போனாப்பா" என்றார். பிறகு, "ஆட்டோவுக்கு எவ்ளோ குடுத்த?"

"பத்து."

"பரவால்லியே."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்தும் அக்கா இன்னும் கண் விழிக்கவில்லை.