ஆளுக்கொரு ஸ்பீக்கர்

சம்பந்தி,

உங்கள் ஸ்பீக்கரின் நுரைரப்பர் விளிம்பு இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிறது. வீட்டிலுள்ள சோப்புகள் எல்லாம் அதனிடம் தோற்றுவிட்டன. நுரைக்கு வயதானால் கரியும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி ஆகிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைத் துடைத்தெடுக்க ஊற்றிய ஸ்பிரிட்டின் வாசனை அறை முழுக்க நிற்கிறது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆஸ்பத்திரில உக்காந்து காப்பி குடிக்கற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு உங்கள் முன்னறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

நாம் சம்பந்திகள் ஆனதற்குப் பிள்ளைகள் காரணம் இல்லை என்பதை ஊருக்கு விளக்கி அலுத்துவிட்டேன். மைசூர் தேவராஜ மொஹல்லாவில் அந்தப் பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருந்தது. தேக்குப் பெட்டி, முகத்தில் காப்பிப்பொடி நிறத் துணி. இடப்பக்கத்துப் பெட்டியின் மேல் நீங்கள் கைவைத்த அதே நேரத்தில் வலப்பக்கத்துப் பெட்டியின் மேல் நான் கைவைத்தேன். முன்பின் தெரியாத இரண்டு பேர். இருவரும் கையை எடுப்பதாக இல்லை. கடைக்காரர் தன் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒந்தொந்து தகொண்டு ஹோகி சாமி" என்றார். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர் சொன்னது கிண்டலுக்கு. நீங்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, "நாயந்தானுங்களே" என்றீர்கள். கல்லூரியில் ஆயுள் முழுக்க அரசியல் பாடம் நடத்தியவன் நான். தேசங்கள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. பிரித்துவைப்பவருக்குப் பசி, பிரிகிறவர்களுக்குப் பிடிவாதம்.

வாரநாளில் அவரவர் வீட்டில் அவரவர் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை நான் என்னுடையதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சரஸ்வதிபுரத்திலிருந்து குவெம்பு நகரில் உங்கள் வீட்டுக்கு வருவேன். உங்கள் முன்னறை பெரியது என்பது ஒப்பந்தத்தின் ஒரே நியாயமான ஷரத்து. சம்பந்தம் பேச வந்தவன் போல வாசலில் பெட்டியோடு நின்றவனை முதல் வாரமே "வாங்க சம்பந்தி" என்று கூப்பிட்டீர்கள். அதோடு என் பெயரை மறந்துவிட்டீர்கள். ஆட்டோக்காரர்கள் எல்லோரும் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "இன்னொந்து எல்லி சார்?" இன்னொன்று அவங்க வீட்டில் இருக்கிறது என்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. குடும்பப் பிரச்சினை என்று நினைத்திருப்பார்கள்.

கச்சேரிப் பதிவுகளில் பாடுகிறவர் நடுவில் இருப்பார், மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். ஆகவே வாரம் முழுக்க உங்களுக்கு மிருதங்கம், எனக்கு வயலின். "நேத்து அந்தத் தனியாவர்த்தனம் கேட்டீங்களா, என்ன கையிங்க அது!" என்று போன் செய்வீர்கள். அந்த நேரத்தில் என் பெட்டியில் வயலின்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார். சபையில் யாரோ இருமினார்கள். ஆம்ப்ளிஃபயரில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்க ஒரு பொத்தான் உண்டு. அதை நான் சுட்டிக்காட்டியபோது, கொள்ளேகால் பட்டு வியாபாரியின் முழு கௌரவத்தோடு, "அது கலப்படமுங்க" என்றீர்கள். அதற்குப்பின் எனக்கும் அந்தப் பொத்தானைத் தொடக் கூச்சமாகிவிட்டது.

முதல் தடவை நுரை உதிர்ந்தபோது அவரவர் பெட்டியை அவரவர் வீட்டில் பழுது பார்த்தோம். காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த பழைய நுரையைச் சுரண்டி, புது வளையத்தை ஒட்டி, கம்பியை மறுபடி இணைத்தோம். என் பெட்டி தனியாக நன்றாகப் பாடியது. உங்களுடையதும் அப்படியே. ஞாயிறன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடித்தொனியையே காணோம். மிருதங்கம் தகர டப்பாவாகிவிட்டது. பாடகர் நடுவிலிருந்து எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டார். ஒரு பெட்டியில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போய் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இது நம் இருவருக்கும் தெரியும். மாறியது யாருடையது என்பதுதான் வழக்கு.

"உங்களுதுதானுங்க" என்றீர்கள். "உங்களுதுதான்" என்றேன். காப்பி குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வாரத்தின் நடுவில் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கம்பிக்காக ஒரு மனிதரோடு பேசாமல் இருப்பதா என்று, பெட்டியைத் திறந்து கம்பியை மாற்றி இணைத்தேன். ஞாயிறன்று எதுவும் சொல்லாமல் பெருந்தன்மையோடு கொண்டுவந்து வைத்தேன். நீங்களும் அன்று வழக்கத்தைவிடச் சாந்தமாக இருந்தீர்கள். பாட்டைப் போட்டோம். அதே தகர டப்பா.

நீங்கள் பாட்டை நிறுத்தினீர்கள்.

"ஏனுங்க சம்பந்தி, நீங்களுமா மாத்துனீங்க?"

சண்டையில் செய்ததைவிட அதிகச் சேதத்தைச் சமாதானத்தில் செய்திருந்தோம். பிறகு யார் திரும்ப மாற்றுவது என்பதில் இன்னொரு சண்டை. "நான் மாத்தறேன்", "இல்லை, நான்தான்" என்று. இரண்டு பேரையும் தனியே விட்டால் மறுபடியும் இரண்டு பேரும் மாற்றுவார்கள் என்று பயந்து, உங்கள் முன்னறையிலேயே நான் டார்ச் பிடிக்க, உங்கள் பெட்டியை மட்டும் மாற்றினீர்கள். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "காந்தமுங்க, கழட்டி வைங்க. அதுவுமில்லாம மணி பாத்துட்டே ஒட்டுனா பசை காயாது" என்றீர்கள். விஞ்ஞானம் முதல் வாக்கியத்தோடு முடிந்துவிட்டது. நான் பின்பற்றுவது இரண்டாவதை.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. அதன்பின் நான் பெட்டியைத் தூக்கவில்லை. மனைவியோடு பழங்கள் வாங்கிக்கொண்டு இரண்டொரு முறை உங்கள் வீட்டுக்குப் போனேன். பெட்டி இல்லாத கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உங்கள் வீட்டம்மாவும் நானும் மைசூர் வெயில் பற்றிப் பேசினோம். அதில் பேச அதிகம் இல்லை.

போன வாரம் உங்கள் வீட்டம்மா போன் செய்தார். "ஏனுங்கண்ணா, காலைல பாட்டு வச்சா பொட்டி கரகரங்குது. இங்க ஒத்தையா எதுக்கு, நீங்களே எடுத்துக்குங்க. ஜோடி சேந்துக்கட்டும்."

கடையில் கைவைத்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அதுதான். போய் எடுத்து வந்தேன். கடிகாரத்தைக் கழற்றினேன். கூம்பின் நடுவிலுள்ள மூடியை அறுத்தெடுத்து, உள்ளே கம்பிச்சுருள் உரசாமலிருக்கக் கல்யாணப் பத்திரிகையைக் கீற்றாக வெட்டிச் சுற்றிலும் செருகி, புது நுரையை ஒட்டினேன். அந்தக் காகிதக் கூம்பு கிழிந்தால் மாற்று கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு நான் செய்த வேலைகளில் இது ஒன்று; மற்றது உங்களோடு வாக்குவாதம். மறுநாள் கீற்றுகளை உருவி, மூடியைத் திரும்ப ஒட்டினேன். உரசல் இல்லை. பாட்டரி வைத்துப் பிளஸ் மைனஸ் பார்த்துக்கொண்டேன்.

என் முன்னறையில் இரண்டும் முதல் தடவையாகச் சேர்ந்து பாடின. மிருதங்கம், வயலின், நடுவில் பாட்டு, எல்லாம் அதனதன் இடத்தில். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஆளும் இல்லை. என் மனைவி கதவருகில் நின்று முழுப் பாட்டையும் கேட்டாள். பிறகு கேட்டாள், "ரெண்டும் இங்கேயே வந்தாச்சு. இனி ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுக்கு என்னன்னு சொல்லிண்டு போவேள்?"

உங்கள் வீட்டுக்குப் போக எனக்கு இருந்த ஒரே வழியை என் கையாலேயே பசை போட்டு ஒட்டி மூடியிருந்தேன். அந்த அம்மாவும் தனியாக ஒரு வீட்டில் சத்தமில்லாமல் இருப்பார்.

நேற்று ஞாயிறு. இரண்டு பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றினேன். ஓட்டுநர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கதவைத் திறந்த உங்கள் வீட்டம்மா, "என்னங்கண்ணா, ரெண்டையும் தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்றார்.

"எங்க வீடு சின்னதும்மா. சத்தத்துல ஜன்னல் அதிருது. இது இங்கதான் இருக்கணும்" என்றேன், வகுப்பில் பொய்க் காரணம் சொல்லும் மாணவனின் முகத்தோடு.

"ஜன்னலா?"

"ஆமா. கண்ணாடி."

"அவரு இருந்திருந்தா, கண்ணாடியக் கழட்டி வைங்கன்னிருப்பாரு" என்றார். பிறகு, "சரி, வைங்க. ஆனா இன்னைக்கு நான் கேக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்திருந்தப்ப நான் அடுப்படியிலதான இருந்தேன்."

நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தினமும் காலையில் உங்கள் ஒற்றைப் பெட்டியில் அவர் கேட்டுவந்த அதே பாட்டைப் போடச் சொன்னார். பல்லவி முடிவதற்குள் வலப்பக்கம் திரும்பி என் பெட்டியை முறைத்தார்.

"ஏனுங்கண்ணா, இந்தப் பாட்டுல பிடில் இருக்குதுங்களா?"

"முதல்லேருந்தே இருக்கும்மா."

"எனக்கு ஒருத்தரும் சொல்லவே இல்லீங்களே" என்றார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "மறுக்கா மொதல்ல இருந்து வைங்க."

வைத்துவிட்டு, நானே அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டேன். அங்கே இடம் வலம் இரண்டுமே எட்டவில்லை. பால் பொங்குகிற சத்தத்துக்கு நடுவே சுவரில் ஏதோ தும்தும்மென்று மட்டும் வந்தது. பாட்டைப் பங்கு போட்டுக்கொண்ட நம் இருவருக்கும் இப்படி மூன்றாவதாக ஒரு பங்கு உண்டென்று தோன்றவே இல்லை, சம்பந்தி.

இனி எனக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேலை: பெட்டி தூக்குவது, காப்பி போடுவது. முதலாவதில் நான் தேர்ந்தவன். இரண்டாவதைப் பற்றி உங்கள் வீட்டம்மா கருத்தொன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் காலி செய்து என்னிடமே நீட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.